மீக்கா சொன்னதும் நிரஞ்சினி சொன்னதும்

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வாய்ப்பேச்சைச் சுமந்து பிழைத்தவள் நிரஞ்சினி. ஆஸ்பத்திரி, கோர்ட், விசா விசாரணை, எங்கே கூப்பிட்டாலும் போவாள். தமிழை இங்கிலிஸாக்குவாள், இங்கிலிஸைத் தமிழாக்குவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஒருமுறை ஒரு தாய்க்கு, "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று டொக்டர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு, கார் பார்க்கில் வந்து அரை மணித்தியாலம் அழுதவள். அழுதாளே ஒழிய ஒரு சொல்லை மாற்றவில்லை. அப்படிப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைப் பார்த்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். சறுக்கினவளுக்கு அந்தச் சமாதானம் இன்றுவரை போதவில்லை.

எல்லாம் அக்காவின் காணியில் தொடங்கினது. அக்கா புஸ்பராணிக்கு அறுபத்தேழு வயது. மகன் பிரதீஸ் ஸ்பொன்சர் பண்ணி மெல்பேர்ணுக்கு எடுத்தவன். ட்ருகனினாவில் புது வீடு. அவனும் பெண்சாதியும் விடிய வேலைக்குப் போனால், பகல் முழுக்க இவள் வெயர்ஹவுஸ்களையும் வெறும் ரோட்டையும் பார்த்தபடி கதிரையில் இருப்பாள். இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு சிட்னிக்கு, நார்த்மீட்டில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பைக்குள் ஒரு பொலித்தீன் உறை, உறைக்குள் சீதன உறுதிப் பத்திரம். யாழ்ப்பாணத்தில் பலாலிப் பக்கம் ஆறு பரப்புக் காணியும் கல்வீடும் கிணறும் புஸ்பராணி பெயரில் தாய் எழுதிக் கொடுத்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஆமி வந்து எல்லாரையும் எழுப்பிவிட்டு வேலி போட்டான். வேலி இன்னும் நிற்கிறது.

புஸ்பராணியின் மகள் யாமினி ஊரிலேயே கலியாணம் கட்டி, ஊரிலேயே தங்கிவிட்டாள். ஊர் என்றால் சொந்த ஊர் இல்லை, அகதிகளுக்குக் கொடுத்த முகாம். தகரக் கொட்டில். ஐந்து வயதில் உள்ளே போனவள், நாற்பது கடந்தும் வெளியே வரவில்லை.

போன ஆடியில் அவளுக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலிக்குள் இருக்கிற காணியை இனிக் கேட்கமாட்டோம் என்று உறுதிக்காரர் கையெழுத்து வைத்தால், வேறு இடத்தில் இரண்டு பரப்புக் காணியும் சின்னதாய் ஒரு கல்வீடும் தருவார்களாம். புரட்டாதி முடியுமுன் பதில் வேண்டுமாம். உறுதிக்காரி புஸ்பராணி. அவள் கையெழுத்து வேண்டும்.

யாமினி தன் மகளை நினைத்துப் போனில் கெஞ்சினாள். "அம்மா, வினுஷாவுக்குப் பதினைஞ்சு முடிஞ்சுது. வாசலில சாக்கைத் தொங்கவிட்டுப்போட்டு எத்தினை நாளைக்கு நான் காவல் இருக்கிறது? குடிச்சுப்போட்டுத் திரியிற பெடியள் வேற. எனக்குப் பூட்டுற கதவு ஒண்டு வேணும். வேற ஒரு கோதாரியும் வேண்டாம்."

"பாப்பம் பிள்ளை" என்று புஸ்பராணி சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் வந்தாள். "நிரஞ்சி, நான் என்னடி செய்ய? கையெழுத்து வைச்சா, அம்மா தந்ததை நானே ஆமிக்கு எழுதிக் குடுத்த மாதிரி. வைக்காட்டி அவளின்ட பிள்ளை சாக்குக்குப் பின்னால நிண்டு உடுப்பு மாத்துது."

"உங்கட காணி அக்கா. நீங்கள்தான் யோசிக்கோணும்" என்றாள் நிரஞ்சினி.

நல்ல பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் அது இல்லை. அந்த வீட்டில்தான் அவளும் பிறந்தவள். அந்தக் கிணற்றடியில்தான் குளித்தவள். நார்த்மீட்டில் நாலு அறை வீட்டில் இருந்துகொண்டு, "எங்கட காணி ஆமியிட்ட இருக்கு" என்று ஆரிடமாவது சொல்லும்போது அவளுக்கு முதுகு நிமிரும். அந்தச் சொல்லும் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று பயந்தாள். வாய் திறந்து அதை அக்காவிடம் சொல்ல வெட்கம். நீ போய் இருக்கப்போறியோ என்று அக்கா கேட்டால் பதில் இல்லையே.

இந்த நேரம் பார்த்துத்தான் தருமராசா அங்கிள் போன் எடுத்தார். ஆளைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேணும். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை, செத்த வீட்டுக்குப் போனால் பிணம், அப்படியொரு மனிசன். தமிழ்ச் சங்கத் தலைவர். அந்தச் சங்கமே மூன்றாக உடைந்து, உடைந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் தலைவர் செயலாளர் பொருளாளர் என்று வைத்திருந்தது வேறு கதை. "பிள்ளை, கனடாவில வடக்க, பனிக்குள்ள இருக்கிற இனுவிட் சனத்தின்ட தலைவி ஒராள் சிட்னிக்கு வந்திருக்கிறா. ஆதிக்குடிகளின்ட மாநாடு ஒண்டுக்கு. ஒரு துவக்கு வெடிக்கிற சத்தம் இல்லாமல் தனி அரசு எடுத்த சனம்! ஞாயிறு பின்னேரம் மெரிலேண்ட்ஸ் ஹோலுக்குக் கூப்பிட்டிருக்கிறன். நீர்தான் மொழிபெயர்க்கோணும்" என்றார். வைக்க முன்னம் ஒரு வார்த்தை சேர்த்தார். "சனம் நொந்துபோய்க் கிடக்கு. கொஞ்சம் உற்சாகமா எடுத்துவிடும், என்ன?"

புஸ்பராணி கூட்டத்து நோட்டீஸை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். "அவவும் காணிக்காக நிண்ட மனிசியாம். அவையளுக்கும் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டதாம். என்ன செய்தவ எண்டு கேப்பம். அதைக் கேட்டுப்போட்டு நான் முடிவெடுக்கிறன், நிரஞ்சி. கூட்டத்துக்குப் பிறகும் மாசம் முடிய அஞ்சு நாள் கிடக்குத்தானே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிறைந்துவிட்டது. மீக்கா என்று அந்த அம்மாவுக்குப் பெயர். எழுபது வயது இருக்கும். கட்டை உருவம், நரைத்த தலைமயிர், கழுத்தில் கடல்நாய்த் தோலில் செய்த சின்னப் பூ. மேடைக்குப் பின்னால் நிரஞ்சினியிடம் மெதுவாக இங்கிலிஸில் பேசினார். "எங்கள் ஆட்கள் ஓம் என்று சொல்ல வாயைத் திறப்பதில்லை. இப்படிப் புருவத்தைத் தூக்குவோம். நான் தூக்கினால் கோபம் என்று நினைக்காதே" என்று சிரித்தார். தங்கள் சட்டசபையில் கட்சி என்று ஒன்றும் கிடையாது, எல்லாரும் வட்டமாக இருந்து ஒத்துவரும்வரை பேசுவார்கள் என்றார். நிரஞ்சினி மூன்று சங்கத்தை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் எங்கள் வழக்கப்படிதான் நடந்தது. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. பொன்னாடை போர்த்திய மீக்கா ஒன்றே முக்கால் மணித்தியாலம் விளங்காத பாஷையைக் கேட்டபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகுதான், நேரம் போதாது சுருக்கமாகப் பேசுங்கள் என்று அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எவ்வளவு வெட்கக்கேடு!

அவர் பேசினார். கொஞ்சம் பேசிவிட்டு நிற்பார், நிரஞ்சினி தமிழில் சொல்லுவாள். புஸ்பராணி முன் வரிசையில், கைப்பையை மடியில் வைத்தபடி.

"நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அரசாங்கம் எங்கள் கழுத்தில் இலக்கத் தகடு தொங்கவிட்டது. எங்கள் பெயர் அவர்கள் வாய்க்குள் நுழையவில்லை" என்றார். நிரஞ்சினி அப்படியே சொன்னாள். பின்வரிசையில் படகில் வந்த பெடியள் சிலபேர் இருந்தார்கள். அவர்களையும் தடுப்புக் காம்பில் படகு இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டது. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இருபது வருஷம் பேச்சுவார்த்தை. நான் சேரும்போது குமரி, முடிக்கும்போது மூன்று பிள்ளையின் தாய்." அதையும் சொன்னாள்.

"கடைசியில் ஒரு காகிதம் வந்தது. நிலம் முழுக்க எங்களுடையது என்ற உரிமையை விடச் சொன்னது. பதிலுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலம் எங்கள் பெயரில். அதோடு நுனாவுட் என்று எங்களுக்கு ஒரு அரசு. எங்கள் பாஷையில் அதற்கு எங்கள் நிலம் என்று அர்த்தம். என் அப்பா மாட்டேன் என்றார். நான் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருஷம் அப்பா என்னோடு பேசவில்லை."

நிரஞ்சினி மைக்கைப் பிடித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக்கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் ஆர் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தவள்.

"கடைசியில ஒரு காகிதம் வந்தது" என்றாள். "நிலம் எங்கட எண்ட உரிமையை விடச் சொன்னது. என்ட அப்பா மாட்டன் எண்டு சொல்லிப்போட்டார்."

அதோடு நிறுத்தினாள். கைதட்டல் ஹோலைப் பிளந்தது.

மீக்கா திகைத்துப் போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு தொடர்ந்தார். "பல விஷயத்தில் அப்பா சொன்னது சரி. பெரிய உத்தியோகங்களில் பாதி இன்னும் தெற்கிலிருந்து வந்தவர்களிடம்தான். வீடு போதாது. எங்கள் இளசுகள் தங்கள் உயிரைத் தாங்களே எடுக்கிறார்கள். என் அக்காவின் பேரனையும் புதைத்தோம். ஆனாலும் இன்றைக்கு அதே காகிதத்தை நீட்டினால் நான் திரும்பவும் கையெழுத்து வைப்பேன். நிலம் காத்திருக்கும். பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்."

"அப்பா சொன்னது சரி" என்றாள் நிரஞ்சினி. தன் குரல் தனக்கே ஆரோ பேசுவது போல் கேட்டது. "நிலம் காத்திருக்கும்."

ஒரு பொய்யும் சொல்லவில்லை, பாருங்கோ. சொன்னதெல்லாம் அந்த மனிசி சொன்னதுதான். பாதியை விழுங்கிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறது என்பார்களே, அதைப் பட்டப்பகலில் முந்நூறு பேருக்கு முன்னால் செய்தாள். அந்த முந்நூறில் பாதிப் பேருக்கு அவளைவிட நல்ல இங்கிலிஸ் தெரியும். எஞ்சினியர், கணக்காளர், டொக்டர் எல்லாம் இருந்தார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லையே! அவர்களும் கைதட்டினார்கள். தருமராசா கண்ணைத் துடைத்தார்.

பிறகு தேத்தண்ணி. மீக்கா வடையைக் கையில் வைத்துக்கொண்டு நிரஞ்சினியைத் தேடி வந்தார். "கையெழுத்து வைத்தேன் என்றதற்கா இவ்வளவு கைதட்டினார்கள்? எங்கள் ஊரில் அதைச் சொன்னால் இன்றைக்கும் சிலபேர் எழும்பிப் போய்விடுவார்கள்" என்றார்.

"அவர்களுக்கு விளங்கினது" என்றாள் நிரஞ்சினி. இதுதான் அன்றைக்குச் சொன்ன முதல் முழுப்பொய்.

அந்த நேரம் புஸ்பராணி கூட்டத்தை விலத்திக்கொண்டு வந்தாள். வந்தவள் மீக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "அம்மா, உங்கட அப்பா விடேல்லை. நானும் விடமாட்டன். நாலு நாளா நித்திரை இல்லை எனக்கு. நீங்கள் வந்து சொன்னது கடவுள் சொன்ன மாதிரி. சொல்லு நிரஞ்சி, அவவுக்குச் சொல்லு."

இரண்டு கிழவிகளும் அவள் வாயைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்த நிமிஷமே எல்லாவற்றையும் அவிழ்த்திருக்கலாம். சொன்னால் மீக்கா என்ன நினைப்பார், அக்கா என்ன நினைப்பாள், பக்கத்தில் வடைத் தட்டோடு நிற்கிற தருமராசா என்ன நினைப்பார் என்று ஓடினது புத்தி.

"நீங்கள் வந்ததற்கு நன்றி என்கிறா" என்றாள் இங்கிலிஸில்.

மீக்கா புஸ்பராணியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

திங்கட்கிழமை புஸ்பராணி மகளுக்குப் போன் எடுத்தாள். "நான் வைக்கமாட்டன் பிள்ளை. பனிக்குள்ள கிடந்த சனமே விடேல்லையாம். நிலம் காத்திருக்குமாம். நாங்களும் கொஞ்சம் பொறுப்பம்." யாமினி சொன்னாள்: "பறக்கிறதைப் பிடிக்கப்போய் இருக்கிறதையும் விட்ட கதைதான் அம்மா. சரி, உங்கட விருப்பம்."

குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நிரஞ்சினிக்கு எல்லாம் கேட்டது. வெள்ளிக்கிழமைவரை நாள் இருந்தது. செவ்வாய் சொல்லுவம் என்று நினைத்தாள். புதன் விசாரணை ஒன்றில் பகல் முழுக்கப் போய்விட்டது. வியாழன் அக்கா சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுச் சந்தோஷமாக வந்து, "கனநாளைக்குப் பிறகு நேத்துத்தான்டி நல்லா நித்திரை கொண்டனான்" என்றாள். அதற்குமேல் எப்படிச் சொல்ல? வெள்ளி வந்தது, போனது.

கார்த்திகையில் அந்த வீடுகளை மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்தார்கள். பக்கத்துக் கொட்டில்காரி சாமான் சட்டியோடு புது வீட்டுக்குப் போனாள். யாமினி போய்க் கேட்டதற்கு, அடுத்தது எப்போதென்று தெரியாது என்றுவிட்டார்கள். மாரிமழை கொட்டத் தொடங்கினது. அவள் போன் எடுப்பது குறைந்தது. எடுத்தாலும் "ஓம் அம்மா", "இல்லை அம்மா" தான். வினுஷாவைத் தூரத்தில் ஒரு ஹொஸ்டலில் விடப்போவதாக ஒருநாள் சொன்னாள். "ஏன் பிள்ளை?" என்று புஸ்பராணி பதறினாள். "ஒண்டுமில்லை அம்மா. ஒருநாள் விடியப்புறம் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் உள்ள வந்திட்டான். நான் முழிச்சுக் கத்தினதில ஓடிட்டான். ஒண்டும் நடக்கேல்லை" என்றாள். அன்றைக்குப் புஸ்பராணி சாப்பிடவில்லை. நிரஞ்சினியும் சாப்பிடவில்லை, ஆனால் அதை அக்கா கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. வினுஷா. வீடியோவில் முகம் தெரிந்தது. புஸ்பராணி ஆசையோடு போனைக் கிட்டப் பிடித்தாள்.

"அம்மம்மா, அந்தக் கூட்டத்தைச் சங்கக்காரர் யூரியூப்பில போட்டிருக்கினம். நான் இங்கிலிஸ் ரியூசனுக்குக் கேட்டுப் பழகிறனான், அதுதான் கேட்டுப் பாத்தனான். அந்த மனிசி கையெழுத்து வைச்சனான் எண்டு சொல்லுறா. இனியும் வைப்பன் எண்டு சொல்லுறா. பிள்ளையள் காத்திருக்காதுகள் எண்டும் சொன்னவ. சின்னம்மம்மா அதைச் சொல்லேல்லை. மறந்திட்டாவோ?"

அந்தப் பிள்ளை குற்றம் சொல்லவில்லை. உண்மையாகத்தான் கேட்டது.

புஸ்பராணி போனை வைத்தாள். தங்கச்சியை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒரு கதிரையை இழுத்து எதிரே போட்டாள். "அந்தப் படத்தைப் போடு. இப்ப எனக்குச் சொல்லு. ஒண்டும் விடாமல்."

நிரஞ்சினி போட்டாள். மீக்கா பேசினார், நின்றார். நின்ற இடமெல்லாம் அவளுடைய பழைய குரல் வந்தது. அதை அமத்திவிட்டு மீண்டும் சொன்னாள். விசாரணையில் சொல்வது போலவே, சுவரைப் பார்த்தபடி, நான் நான் என்றே சொன்னாள். "நான் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருஷம் அப்பா என்னோடு பேசவில்லை... என் அக்காவின் பேரனையும் புதைத்தோம்... ஆனாலும் நான் திரும்பவும் கையெழுத்து வைப்பேன்." அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். தண்ணி குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். "நிலம் காத்திருக்கும். பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்."

படத்தில் கைதட்டல் முடிந்ததும் புஸ்பராணி கேட்டாள்.

"தருமராசா சொல்லச் சொன்னவரோ?"

"உற்சாகமாச் சொல்லச் சொன்னவர். இதைச் சொல்லச் சொல்லேல்லை. நான்தான் அக்கா. எனக்கு அந்தக் காணி போறது பொறுக்கேல்லை."

"அதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாமே, நிரஞ்சி. அக்கா வைக்காதேங்கோ, என்ட மனம் கேக்குதில்லை எண்டு. உனக்காக எண்டாலும் கையெழுத்து வைக்காமல் விட்டிருப்பன். விட்டது உன்னாலதான் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த மனிசி பாவம், அவவின்ட வாயால ஏன்டி சொன்னனி?" என்றாள் புஸ்பராணி. குரல் உயரவே இல்லை. "யாமினிக்கு எடு. நீயே சொல்லு."

நிரஞ்சினி எடுத்தாள். மணி கனநேரம் அடித்தது. யாமினி எடுத்தபோது தகரத்தில் மழை விழுகிற சத்தம் முதலில் வந்தது.

"சொல்லுங்கோ சின்னம்மா."

அவள் சொன்னாள். அந்த அம்மா சொன்னதை ஒரு பக்கமும், தான் சொன்னதை மற்றப் பக்கமும் வைத்து, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

"தெரியும் சின்னம்மா. வினுஷா காட்டினவள்" என்றாள் யாமினி. களைத்துப்போன குரல், கோபமே இல்லை. "உங்களுக்குக் கிணறு வேணும். எனக்குக் கதவு வேணும். கேட்டிருந்தா, வேலிக்கு வெளியில நிண்டாவது கிணத்தைப் படம் எடுத்து அனுப்பியிருப்பன்."

நிரஞ்சினி போனை இன்னும் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"வையுங்கோ சின்னம்மா" என்றாள் யாமினி. "மழை பெலக்குது. நான் போய்த் தறப்பாளை இழுத்துக் கட்டோணும்."